இஞ்சிக்கு நிறம் கிடையாது

அன்பு மகளுக்கு உன் அப்பா தன் கையாலேயே எழுதுவது.

முதலில் இந்தக் கையெழுத்தை மன்னித்துவிடு கண்ணு. ஓர் எழுத்து யானை மாதிரியும் பக்கத்து எழுத்து எறும்பு மாதிரியும் இருக்கும், வரி ஏறும் இறங்கும், நீ தலையைச் சாய்த்துப் படிக்க வேண்டியிருக்கும். நூல் பிடிக்காமலே சுவரில் நேர்கோடு இழுக்கிற கைதான் இது, ஆனால் இந்தச் சின்னக் காகிதத்துக்குள் அடங்கி உட்கார மாட்டேன் என்கிறது. நான் இப்போது போகிற முதியோர் எழுத்து வகுப்பின் டீச்சர் சின்னப் பெண், உன்னைவிட இளையவளாக இருப்பாள், "ஐயா, பேனாவை இப்படி நெரிக்காதீங்க, அது எங்கயும் ஓடிப் போயிடாது" என்கிறாள். எனக்கென்னவோ கொஞ்சம் கையைத் தளர்த்தினால் ஓடிவிடும் என்றுதான் தோன்றுகிறது. ஒரு பக்கம் எழுதி முடிக்கும்போது ஒரு முழுச் சுவரைப் பூசி முடித்த மாதிரி தோள்பட்டை வலிக்கிறது, ஆனால் அந்த வலி இனிக்கிறது அம்மா. நேற்று மருந்துக்கடைப் பலகையை வாசலிலிருந்தே சத்தமாகப் படித்தேன். நான்தான் வருஷக்கணக்காக அதற்கு வண்ணம் அடித்தவன், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நேற்றுத்தான் தெரிந்தது.

நாங்கள் நலம், உன் நலம் அறிய ஆவல் என்று எழுதச் சொல்லித்தான் வகுப்பில் பழக்கினார்கள். எனக்குப் பொய் எழுத மனம் வரவில்லை. நான் நலம், உன் அம்மா பாதி நலம், அந்த மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கடிதம். நீ போன் பண்ணும்போதெல்லாம் அவள் என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, நான் வாயைத் திறந்தால் தொடையில் கிள்ளுகிறாள். "நல்லா இருக்கேன், சாப்பிட்டியா, தூங்கினியா" என்று அவளே பேசி முடித்துப் போனையும் வைத்துவிடுகிறாள். அதனால் எழுதுகிறேன். வகுப்புக்கு வீட்டுப்பாடம் எழுதுகிறேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

காய்ச்சல் போய்விட்டது என்று உன்னிடம் சொன்னோமே, அது உண்மைதான். சொல்லாமல் விட்டது என்னவென்றால் காய்ச்சல் போன பிறகும் உன் அம்மா தண்ணீர் குடிப்பதில்லை. இந்த வருஷ வெயில் ஒரு மாதிரி வெயில், நம் மாடி அறையில் மத்தியானம் சுவரில் கை வைத்தால் வெடுக்கென்று எடுக்க வேண்டியிருக்கிறது, மின்விசிறி அனலை இங்கிருந்து அங்கே தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான். அந்த அறையில் உட்கார்ந்துகொண்டு மாத்திரை விழுங்கும் அளவுக்கு மட்டும் ஒரு மிடறு குடிக்கிறாள். உதடு வெடித்துவிட்டது. ஒரு நாள் காலையில் எழுந்தவள் தலை சுற்றிக் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா என்னை விட்டுவிட்டு அவளையே பார்த்துச் சொன்னார், "இங்க பாருங்கம்மா, கிட்னி ரெண்டும் களைச்சுப் போயிருக்கு. தண்ணியோ ஜூஸோ ஏதோ ஒண்ணு உள்ள போய்க்கிட்டே இருக்கணும். அடுத்த தடவை பார்க்கும்போதும் இப்படியே இருந்தா வீட்டுக்கு அனுப்ப மாட்டேன், இங்கயே படுக்க வெச்சு ஊசி வழியா ஏத்துவேன். இந்த வயசுல அது ஒரு தடவை படுத்துக்கிச்சுன்னா எழுப்பறது லேசு இல்ல." உன் அம்மா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்தாள், பழையபடி ஒரு மிடறு.

நினைவிருக்கிறதா, வெயிலுக்கு என்ன குடித்தால் நல்லது என்று சும்மா கேட்பது மாதிரி உன்னைப் போனில் கேட்டேனே, நீயும் சிரித்துக்கொண்டே நீ இங்கே இருந்தபோது போடுவாயே அந்தப் பழச்சாற்றைச் சொன்னாய். அன்னாசி பாதி, ஆரஞ்சு இரண்டு, இஞ்சி ஒரு விரல், எலுமிச்சை கொஞ்சம், வடிகட்டிக் குளிர்ந்த தண்ணீர் சேர்த்துக் கொடுங்கள் என்றாய். அவளுக்கு வாய் கசக்கிறது, அதனால்தான் வெறும் தண்ணீர் இறங்கவில்லை, ருசியாக ஒன்று கொடுத்தால் குடித்துவிடுவாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். அன்றைக்கே அன்னாசியோடு வந்துவிட்டேன்.

நான் பெயிண்டர், எனக்குத் தெரிந்த வழியில்தானே நான் வேலை செய்வேன். நீ போட்ட சாற்றின் நிறம் எனக்கு அப்படியே கண்ணில் இருந்தது, மஞ்சளில் ஒரு சொட்டு ஆரஞ்சு விட்டு மேலே கொஞ்சம் வெள்ளை தட்டின மாதிரி. நான் வாங்கிய அன்னாசி வெளுப்பாக இருந்ததால் அந்த நிறம் வரவில்லை. கேரட்டைத் துருவிப் போட்டேன், கொஞ்சம் வந்தது, இன்னும் போட்டேன். ஒரு துளியை வெள்ளைத் தட்டில் தடவி ஜன்னலில் காய வைத்தேன், ஈரத்தில் தெரிகிற நிறத்தை நம்பி எந்தப் பெயிண்டராவது வேலை செய்வானா? காய்ந்த பிறகு பார்த்தால் சரியாக அதே நிறம், எறும்பு மட்டும் கூடுதல். பெருமை தாங்கவில்லை. முதல் தம்ளரைக் கீழ் வீட்டுத் தையல்காரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஒரு வாய் குடித்து, தைத்துக்கொண்டிருந்த துணியைத் தள்ளி வைத்துவிட்டு இருமினாள் பார், எனக்குப் பயமே வந்துவிட்டது. இருமி முடித்து, "அண்ணே, கலர் ரொம்ப நல்லா வந்திருக்கு. குடிக்கறதுக்கு ஏதாவது வெச்சிருக்கீங்களா?" என்றாள். ஒரு விரல் இஞ்சி என்றாயே, உன் விரலா என் விரலா என்று நீ சொன்னாயா? நான் என் விரலை வைத்து அளந்துவிட்டேன். இஞ்சிக்கு நிறம் கிடையாது கண்ணு, போட்டாலும் தெரியாது, போடாவிட்டாலும் தெரியாது. கண்ணை நம்பிப் பிழைத்தவன் நான், கண்ணுக்குத் தெரியாத சரக்கு ஒன்று இருக்கிறது என்பதே எனக்கு உறைக்கவில்லை.

அதே சாற்றை உன் அம்மாவிடம் நீட்டினேன். அவள் தம்ளரைப் பார்க்கவில்லை, கொடியில் தொங்கிய துணியைப் பார்த்தாள். "எதுல வடிகட்டினீங்க?" என்றாள். பெயிண்ட் வடிகட்ட வாங்கி வைத்த துணி, புதுசு, பிரிக்காத கட்டு, சத்தியமாகப் புதுசு என்றேன். "உங்களுக்குப் புதுசு, அதுக்குத் தெரியுமா அது எதுக்குப் பொறந்த துணின்னு" என்று தம்ளரைத் தள்ளி வைத்துவிட்டாள். சரி, துணிதான் காரணம் என்று மறுநாள் கடைக்குப் போய்ச் சமையலறை வடிகட்டியே வாங்கினேன். அவள் கண் முன்னால் கழுவினேன். கேரட்டை விட்டேன். நன்றாகப் பழுத்த அன்னாசியாகப் பார்த்து, கண்களை எல்லாம் நோண்டி எடுத்து, நடுத்தண்டை நீக்கினேன். இஞ்சியை உன் சுண்டுவிரல் நுனி அளவுக்குக் குறைத்தேன். அதைத் துருவிப் பிழிந்து ஒரு கிண்ணத்தில் அப்படியே விட்டால் அடியில் வெள்ளையாக மாவு மாதிரி படிகிறது, சுண்ணாம்பு படிகிறது போலவே, அதை அசைக்காமல் மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றினால் தொண்டையைப் பிடிக்காது, இது நானாகக் கண்டுபிடித்தது, நீயும் செய்து பார். ஆரஞ்சைக் கையால் பிழிய வேண்டும், மிக்ஸியில் போட்டால் கொட்டை அரைபட்டுக் கசக்கும். கடைசியில் எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் தேன். தையல்காரி ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொரு தம்ளர் கேட்டாள். வகுப்புக்கு ஒரு தூக்கு நிறையக் கொண்டுபோனேன், டீச்சர் பாடத்தை நிறுத்திவிட்டுக் குடித்தாள், எனக்குப் பின்னால் உட்கார்கிற காவலாளி அதுவரை என்னோடு பேசியதே இல்லை, அன்றைக்குத் தன் தம்ளரை இரண்டு தரம் நீட்டினான்.

ஊரே குடிக்கிறது, உன் அம்மா மட்டும் குடிக்கவில்லை. ஒரு வாய் குடித்து, "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி, தம்ளரை ஜன்னல் ஓரமாக வைப்பாள். சாயங்காலம் பார்த்தால் அப்படியே இருக்கும், மேலே ஆடை படிந்து, சின்ன ஈக்கள் வட்டம் போட்டுக்கொண்டு. தேன் அதிகமோ என்று குறைத்தேன். குளிர்ச்சி போதாதோ என்று ஐஸ் வாங்கி வந்தேன். தம்ளர் பெரிதாக இருப்பதால் மலைப்பாக இருக்கிறதோ என்று சின்னத் தம்ளரில் கொடுத்தேன். அவளுடைய அடுப்படியில் நான் புகுந்தது பிடிக்கவில்லையோ என்று கேட்டே விட்டேன். "புகுந்தீங்களே, இப்பவாவது அது எந்தப் பக்கம் இருக்குன்னு தெரிஞ்சுதே, சந்தோஷம்தான்" என்றாள். கோபம் இல்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது அம்மா. கோபித்துக்கொண்டு குடிக்காமல் இருந்தால் சமாதானம் செய்யலாம். சிரித்துக்கொண்டே ஒருத்தி வற்றிக்கொண்டு போனால் என்ன செய்வது? ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்புறம் ஒரு மத்தியானம் வகுப்பு நடக்கிற கூடத்தில் மின்சாரம் போய்விட்டது, புழுக்கம் தாங்காமல் டீச்சர் எங்களைச் சீக்கிரம் அனுப்பிவிட்டாள். வீட்டுக்கு வந்தால் உன் அம்மா மாடிப்படியின் நடுவில் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு கை சுவரில், ஒரு கை முழங்காலில், நெற்றியெல்லாம் வேர்வை. இங்கே என்ன செய்கிறாய் என்றேன். "காத்து வாங்கறேன்" என்றாள். நம் மாடிப்படி உனக்குத் தெரியும், ஒரு ஆள் ஏறினால் இன்னொரு ஆள் இறங்க முடியாது, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி கிடையாது, அங்கே காற்று எந்தக் காலத்தில் வந்தது? நான் அவளுக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்துகொண்டேன். அவள் என் முதுகைப் பார்த்துத்தான் சொன்னாள், முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க மாட்டாள். "குடிச்சா எறங்கணும், எறங்கினா ஏறணும். காய்ச்சலுக்கு அப்புறம் முட்டி ரெண்டும் என்னுது இல்ல. காலைல ஒரு தடவை, இருட்டினப்புறம் ஒரு தடவை, அதோட நிறுத்திக்கறேன். இன்னிக்கு முடியல, எறங்கிட்டேன்." என்னைக் கூப்பிட வேண்டியதுதானே என்றேன். "ஒவ்வொரு தடவையும் உங்க தோளைப் புடிச்சுக்கிட்டு ஊர்வலம் போகணுமா? கீழ அவ ஜன்னலைத் திறந்து வெச்சுக்கிட்டுத் தெச்சுக்கிட்டு இருக்கா" என்றாள். அப்புறம், "உங்க ஜூஸ் நல்லா இல்லாம இல்லைங்க. நல்லா இருக்கு, அதுதான் கஷ்டம். ஒரு வாய் குடிச்சா முழுசும் குடிக்கணும்னு வருது" என்றாள்.

நம் வீட்டுக் கழிப்பறை கீழே பின்பக்கம் இருப்பது எனக்கு இன்றைக்கா தெரியும்? நானும் அந்தப் படியில்தான் நாளெல்லாம் ஏறி இறங்குகிறேன். சுவரில் ஈரம் தெரிகிறது, நல்ல பெயிண்டாக அடித்துவிடு என்று எத்தனை வீட்டுக்காரர்கள் என்னிடம் கேட்டிருப்பார்கள், முதலில் எங்கே ஒழுகுகிறது என்று பார்க்கலாம் ஐயா, மேலே பூசினால் நிற்காது என்று எத்தனை பேருக்கு நான் புத்தி சொல்லியிருப்பேன். என் வீட்டில் மட்டும் நாள் தவறாமல் மேலே பூசிக்கொண்டே இருந்திருக்கிறேன், தேனைக் கூட்டிக் குறைத்து, ஐஸ் போட்டு. அவள் தம்ளரைக் கீழே வைக்கும்போதெல்லாம் நான் தம்ளரைத்தான் பார்த்தேன்.

கீழே கழிப்பறையை ஒட்டி என் சாமான் அறை இருக்கிறதல்லவா, ஏணி, டப்பா, சாரம் கட்டும் கயிறு எல்லாம் அடைந்து கிடக்குமே, அதைக் காலி செய்தேன். உன் அம்மா விடவில்லை. "உங்க சாமான் எங்க போகும்? வேலைக்குக் கூப்பிட்டா என்னத்தைத் தூக்கிக்கிட்டுப் போவீங்க? மாடியில ராத்திரி கொஞ்சமாவது காத்து வருது, அதை விட்டுட்டு இந்தப் பொந்துக்குள்ள வரணுமா" என்று வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். நீ மாடியில் காற்று வாங்குகிறாயா, படியில் காற்று வாங்குகிறாயா, சொல் என்றேன். நகர்ந்துகொண்டாள். என்னோடு சாரத்தில் நின்றவன் ஒருத்தன், நெட்டையாக இருப்பானே, கொக்கு என்று கூப்பிடுவோமே, அவன் வந்து ஏணியையும் சாமான்களையும் தன் வீட்டுக்கு எடுத்துப் போனான். ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டே, "ஏணி இல்லாத பெயிண்டர் எந்த ஊர்லடா இருக்கான்?" என்றான். கூட ஒரு கொக்கு இருந்தால் ஏணி எதற்கு, உன் தோளில் ஏறிக்கொள்கிறேன் என்றேன். அவன் சிரித்தான், நானும் சிரித்தேன், ஆனால் ஏணி தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டுதான் நின்றேன். பொய் எழுத வேண்டாம் என்று முதலிலேயே சொன்னேனே.

மாடி உனக்கு அப்படியே இருக்கிறது, நீ வந்தால் படுக்கலாம். கீழ் அறைச் சுவரின் ஓட்டைகளைப் பட்டி பூசி அடைத்து, தேய்த்து, பின்சுவரில் ஒரு ஜன்னல் பல வருஷமாக ஆணி அடித்துக் கிடந்ததே, அதைத் திறந்துவிட்டேன். அந்தப் பக்கம் நிழல், மாடியைவிடக் குளிர்ச்சியாகவே இருக்கிறது, எனக்கே ஆச்சரியம். என்ன கலர் அடிக்கலாம் என்று அவளையே கேட்டேன். "வெள்ளை. நீங்க கலக்கற கலர் எதுவும் வேணாம், பட்டுட்டேன்" என்றாள். கட்டிலிலிருந்து கழிப்பறைக் கதவு வரைக்கும் சுவரோடு ஒரு மூங்கில் கம்பு பதித்திருக்கிறேன், சிராய் குத்தாமல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கை வழுக்காமல் மேலே கயிறு சுற்றி. பெயிண்ட் வாசனை போகட்டும் என்று அவளைத் தையல்காரி வீட்டில் உட்கார வைத்திருந்தேன், அங்கே இரண்டு பேரும் என்னைத்தான் கிழித்துத் தைத்துக்கொண்டிருந்தார்கள், சிரிப்புச் சத்தம் சந்து வரைக்கும் கேட்டது.

நேற்று குடி வந்தோம். மத்தியானம் பழச்சாறு போட்டு, பெரிய தம்ளரில்தான், கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டு வீட்டுப்பாடத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எழுதினேன் என்று சொல்ல மாட்டேன், பேனாவைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அவள் எடுத்தாள், ஒரு வாய் குடித்தாள், வழக்கம்போலக் கீழே வைப்பாள் என்று பார்த்தால் வைக்கவில்லை. தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன் கண்ணு, ஒரு மனுஷி தண்ணீர் குடிப்பதை இப்படி யாராவது பார்ப்பார்களா? தம்ளரைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் குடித்துவிட்டு, "இஞ்சி இன்னும் கொஞ்சம் போடலாம்" என்றாள்! கொஞ்ச நேரம் கழித்துத் தானாக எழுந்தாள். கம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் போனாள். நான் பின்னாலேயே எழுந்து போய்க் கதவுக்கு வெளியே நின்றேன், விழுந்துவிடக் கூடாதே என்று. உள்ளே தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் அவள் குரல், "அங்கயே நிக்கறீங்களா? வெக்கமா இல்ல? போங்க அந்தப் பக்கம்." போனேன். உன்னைப் பெற்றபோது அடுத்த அறையில் இருந்து கேட்டேனே ஒரு சத்தம், அதற்குப் பிறகு என்னை இவ்வளவு சந்தோஷப்படுத்திய சத்தம் அந்தத் தாழ்ப்பாள்தான்.

இதுவரைக்கும் எழுதியதை இன்று காலையில் உன் அம்மா பிடித்துவிட்டாள். எனக்கு எழுதத் தெரிந்ததில் உள்ள ஒரே கஷ்டம், அவளுக்குப் படிக்கத் தெரியும் என்பது. என் தோளுக்குப் பின்னால் நின்று எழுத்துக் கூட்டாமல் சரசரவென்று முழுவதையும் படித்துவிட்டாள். "கக்கூஸ் விஷயத்தை எல்லாமா பொண்ணுக்கு எழுதுவாங்க? நீங்க எழுதக் கத்துக்கிட்டது இதுக்குத்தானா" என்று சண்டைக்கு வந்தாள். சரி, கிழித்துவிடுகிறேன் என்றேன். காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி, கட்டிலில் உட்கார்ந்து, மறுபடி ஒரு தடவை படித்தாள். பிறகு, "கிழிக்க வேணாம். அவளும் என்னை மாதிரிதான். அந்தக் கம்பெனி பேக்கிங் ஹால்ல நாள் முழுக்க ஓடற பெல்ட் முன்னாடி நிக்கறா, நடுவுல போகணும்னா மேஸ்திரியைக் கேட்கணும்னு ஒரு தடவை சொன்னா. அவ தண்ணி பாட்டிலை நிரப்பிக்கிட்டுப் போறாளா, அதைக் குடிக்கறாளா, அப்படியே திருப்பிக் கொண்டு வர்றாளான்னு கேளுங்க. போன்ல கேட்டா நல்லா இருக்கேம்மான்னுதான் சொல்வா, என் வயித்துல பொறந்தவதானே. எழுதிக் கேளுங்க" என்றாள்.

எழுதிக் கேட்கிறேன் அம்மா. உள்ளதை உள்ளபடி எழுது. நீ எந்த மேஸ்திரிக்கும் பயந்து உடம்பை வற்ற வைக்காதே, நாங்கள் எந்த வேலையையும் அப்படிக் கட்டிக் காப்பாற்றச் சொல்லி உன்னை அனுப்பவில்லை. கேட்கக் கூச்சமாக இருந்தால் உன் பக்கத்தில் நிற்கிற பெண்களையும் சேர்த்துக்கொண்டு கேள், அவர்களும் பாட்டிலைத் திருப்பித்தான் கொண்டுபோவார்கள். உன் அறை ஜன்னல் சரியாகத் திறக்கிறதா என்றும் எழுது. சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. நீ நீண்ட ஆயுளோடு, மனம் குளிர, யாரிடமும் தலை குனியாமல் இருக்க வேண்டும், இது நானும் உன் அம்மாவும் ஒரே கட்டிலில் உட்கார்ந்து கொடுக்கிற ஆசீர்வாதம். வரும் வாரம் அவளுக்கு ரத்தம் பார்க்கிறார்கள், டாக்டரம்மா சொல்வது நல்லதோ கெட்டதோ, போனில் அவள் சொல்வதை நம்பாமல் என் கடிதத்துக்குக் காத்திரு, அடுத்த வாரமே எழுதிவிடுகிறேன், கை இப்போது கொஞ்சம் பழகிவிட்டது.

இப்படிக்கு,
உன் நினைவாகவே இருக்கும் அப்பா

(கீழே உள்ள கோணல் கையெழுத்தும் நான் போட்டதுதான். பக்கத்தில் உள்ள ஈரக்கறை கண்ணீர் இல்லை, பயப்படாதே, உன் அம்மா தம்ளரை வைத்த இடம்.)